மூணு அடுக்கு வீட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, வயரா?

வடசென்னை தண்டையார்பேட்டையில் என் அக்கா வீடு. அகலம் 15 அடி, நீளம் 50 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். கீழே மாமாவின் அப்பாவும் அம்மாவும், முதல் மாடியில் அக்காவும் மாமாவும், அதற்கு மேல் மொட்டை மாடியில் பின்பக்கமாக ஒரு ரூம். அந்த ரூமில்தான் அக்கா பொண்ணு டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்குப் படிக்கிறாள். வகுப்பும் ஆன்லைன், வாரத் தேர்வும் ஆன்லைன். வைஃபை டப்பாவோ கீழே தெருவாசல் பக்கம், ஈபி மீட்டருக்கு மேலே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, டெஸ்ட் பாதியில சுத்திக்கினே நிக்குது. டைம் மட்டும் ஓடிக்கினே இருக்கு" என்று அவள் என்னிடம் போனில் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. பின்னாலேயே அக்கா போனை வாங்கி, "எட்டு ஆன்டெனா வெச்ச ரவுட்டர் ஒண்ணு வருதாமேடா, அத வாங்கிடலாமா?" என்றாள். இப்போதைக்கு எதுவும் வாங்காதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஒரு ஞாயிறு மூன்று ஞாயிறு ஆனது. ஒவ்வொரு வழியையும் அந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டேன். ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் இதே மாதிரி வீடு, இதே கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ஒட்டு வீடுகளில், தளம் இரண்டுக்கு மேல் இருந்தால், காசு போக வேண்டிய இடம் ஆன்டெனா இல்லை, வயர். ஒரே தளம், இரண்டு ரூம் என்றால் பெரும்பாலும் எதுவுமே வாங்க வேண்டாம், டப்பாவை இடம் மாற்றினாலே போதும். சுவரில் ஆணி அடிக்கவே விடாத வாடகை வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளப்பது

கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போகும் டப்பாவுக்கு ஓஎன்டி என்று பெயர். ஃபைபரில் (ஒளியைக் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடி இழை வயர்) வரும் ஒளியை மின்சிக்னலாக மாற்றுவது, ரவுட்டராக வீட்டுக்குள் வைஃபை பரப்புவது, இரண்டு வேலையையும் அதுவே செய்கிறது. தெருவில் எல்லாரும் மோடம் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று காட்டும் இலவச ஆப்கள் ஆண்ட்ராய்டில் இருக்கின்றன. அது மைனஸ் எண்ணாகக் காட்டும், டிபிஎம் என்று பக்கத்தில் போட்டிருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு தடங்கல் இல்லாமல் ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் போனில் சிக்னல் கோடு தெரியும், வேலை நடக்காது.

அக்கா வீட்டில் பிளான் 100 எம்பி, அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகம். மோடம் பக்கத்தில் 94 வந்தது. பின்பக்கச் சமையலறையில் 31. முதல் மாடி முன் ரூமில் 22. மாடி ரூமில் 2, சிக்னல் மைனஸ் 84. பொண்ணு சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

ஒரு லேப்டாப்பை வயர் போட்டு மோடத்திலேயே சொருகியும் பார்க்க வேண்டும். அங்கேயே வேகம் வரவில்லையென்றால் கோளாறு வெளி லைனில். மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் புது ரவுட்டர் வாங்குவது, குழாயில் தண்ணீர் வராதபோது புதுக் குடம் வாங்குவது போல. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டிலேயே இது நடந்தது. கன்டெய்னர் லாரி ஒன்று தாழத் தொங்கிய ஃபைபரை இழுத்துவிட்டுப் போய்விட்டது. வந்த ஆள் அறுந்த இடத்தைப் பார்க்காமல், "ரவுட்டர் மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் கழித்து வேறொருவர் வந்து ஒட்டின பிறகுதான் விளக்கு பச்சையானது. அந்தக் காசு இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

காசில்லாத வழி: இடம் மாற்றுவது

மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவித்தான் நம் தெருக்களில் ஃபைபர் வருகிறது. அக்கா வீட்டுக்கும் மேலிருந்துதான் வந்திருந்தது. பழைய கேபிள் டிவி வயர் இறங்கிய வழியிலேயே அதையும் கீழ்த்தளம் வரை இறக்கி, டிவி இருந்த மூலையில் மோடத்தை வைத்துவிட்டார்கள். டிவிக்கு அது சரி. வைஃபைக்கு வீட்டிலேயே மோசமான இடம் அது: தளத்தில் கடைசி, நீளத்திலும் கடைசி. பரப்புகிற அலையில் பாதி தெருவுக்குப் போகிறது.

அக்காவின் ஹாலில் இன்னொரு தடையும் இருந்தது. மோடத்துக்கும் உள் ரூமுக்கும் நடுவில் இரும்பு பீரோ, அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் பின்னால் பூசிய ரசமும் அப்படித்தான். பிரிட்ஜும் இதே வகை. தண்ணீர் நிரம்பிய டிரம், மீன் தொட்டி எல்லாம் அலையை விழுங்கிவிடும். வீட்டில் டிரம்மும் பீரோவும் இருக்கத்தான் செய்யும்; மோடம்தான் ஒதுங்க வேண்டும்.

நெட் கம்பெனி லைன்மேன் தம்பியைக் கூப்பிட்டு, முதல் மாடி படிக்கட்டுத் திருப்பத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வைக்கச் சொன்னோம். மேலிருந்து வரும் ஃபைபர் என்பதால் நீளம் மிச்சம்தான் ஆனது. மீதியைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டிக் கட்டச் சொன்னேன். ஃபைபரை மடக்கிக் கட்டினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். பல வீட்டில் வேகம் குறையக் காரணம் ஆணியில் இறுக்கிக் கட்டிய அந்த ஒரு மடிப்புத்தான்.

மாற்றிய பிறகு முதல் மாடியில் 88, கீழே ஹாலில் 52, சமையலறையில் 40. மாடி ரூமில் 11. தம்பிக்குக் கொடுத்த 300 ரூபாய்க்கு இவ்வளவு மாற்றம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதோடு கதை முடிந்துவிடும். எல்லாரும் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

கீழ்த்தளத்தை விட்டு மேலே கொண்டுபோக இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று நமக்குத் தெரியும். அக்கா வீட்டில் முழங்கால் அளவு. ஆட்களை மேலே ஏற்றிய பிறகு, போனில் சார்ஜ் இருந்தும் யாருக்கும் தகவல் சொல்ல முடியவில்லை. மோடத்துக்குப் போன பிளக் பாயின்ட் தண்ணீருக்குள் இருந்தது. மாமாவின் அம்மா அதை இன்னமும் சொல்வார்கள்.

ரிப்பீட்டர்

பிளக்கில் சொருகும் சின்ன டப்பா. மலிவு, அஞ்சு நிமிட வேலை. இதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: சிக்னல் செத்த ரூமிலேயே கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். ரிப்பீட்டருக்கு நல்ல சிக்னல் கிடைத்தால்தான் அது நல்லதைத் திருப்பிச் சொல்லும். பாதி வழியில், இன்னும் சிக்னல் பலமாக இருக்கும் இடத்தில் சொருக வேண்டும்.

அப்படிச் சொருகினாலும், ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. அக்கா வீட்டில் மாடிப்படி முடியும் இடத்தில் சொருகியபோது மாடி ரூமில் 14 முதல் 19 வரை வந்தது. எண்ணைப் பார்த்தால் போதும் போலத் தோன்றும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், தெருவே வீட்டுக்கு வந்த பிறகு, 5-க்கு இறங்கியது. வகுப்பில் ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வந்தது.

சாயங்காலம் ஏன் இறங்குகிறது என்பதில்தான் நம் ஊரின் விஷயமே இருக்கிறது. அந்த ஹாலில் நின்று ஆப்பைத் திறந்தால், வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் 23 வைஃபை பெயர்கள் தெரிந்தன. அந்த அலைவரிசையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று உரசாமல் ஓட அதில் மூன்று சேனலுக்குத்தான் இடம்: 1, 6, 11. இருபத்து மூன்று வீடு மூன்று பாதையில். வண்ணாரப்பேட்டை துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எப்படி இருக்குமோ அப்படி. நம் ரவுட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

எட்டு ஆன்டெனா

அக்கா கேட்ட வகை ரவுட்டர் ஒன்று நண்பனிடம் இருந்தது. ஒரு நாளைக்கு வாங்கிவந்து, மோடம் இருந்த அதே படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துப் பார்த்தேன். மாடி ரூமில் போனில் மூன்று கோடு தெரிந்தது. முன்னால் ஒரு கோடு. வேகம் 16. மோடம் தனியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல்தான், செலவுக்கு ஏற்ற கூடுதல் இல்லை.

காரணம் எளிது. வைஃபை ரேடியோ மாதிரி ஒரு பக்கப் பேச்சு இல்லை. ரவுட்டர் சத்தமாகப் பேசலாம். போனும் பதில் சொல்ல வேண்டும். போனுக்குள் இருப்பது சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி பின்னல் பின்னலாகப் போகிறது. அதைத் தாண்டிப் போனின் குரல் கீழே வந்து சேருவதில்லை. கோடு நிறையத் தெரிந்தும் வீடியோ சுற்றுவது இதனால்தான். ஒரே தளத்தில் நீளமாகப் பரந்த வீடு, ஆட்கள் நிறைய, ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சாதனம் என்றால் நல்ல ரவுட்டர் கட்டாயம் உதவும். செங்குத்தாக நிற்கும் வீட்டுக்கு அது விடை இல்லை.

மெஷ்

இரண்டு, மூன்று டப்பாக்கள் ஒரே பெயரில் ஒரே வலையாக வேலை செய்வது மெஷ். ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் இரட்டை செட்டைக் கொடுத்தார். ஒன்று மோடம் பக்கத்தில், ஒன்று மாடிப்படி உச்சியில். மாடி ரூமில் 41 வந்தது, சாயங்காலமும் 35-க்குக் கீழே போகவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே மேலும் கீழும் நடந்தாலும் பேச்சு அறுபடவில்லை. ரிப்பீட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் விலை. நல்ல செட் பல ஆயிரத்தில் போகும். அதைவிட என்னைத் தயங்க வைத்தது கரண்ட். கோடையில் ராத்திரி கரண்ட் போனால் ஒவ்வொரு டப்பாவுக்கும் தனித்தனியாக மின்சாரம் வேண்டும். சங்கிலியில் ஒன்று அணைந்தாலும் அதற்கு மேலே இருப்பது அம்போ. மோடத்தையும் சேர்த்து மூன்று டப்பா, மூன்று யுபிஎஸ். வாடகை வீட்டில் இரண்டு தளம் இருந்து, வயர் இழுக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லையென்றால், காசு இருக்குமானால், மெஷ்தான் சரி. சொந்த வீடு என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

வயர்

மோடத்தின் பின்னால் நான்கு ஓட்டைகள் இருக்கும், லான் (LAN) என்று எழுதியிருக்கும். பெரும்பாலான வீட்டில் நான்கும் தூசி படிந்து சும்மா கிடக்கின்றன. அதில் ஒன்றிலிருந்து ஒரு வயரை மேலே கொண்டுபோய், மாடி ரூமுக்குள் இன்னொரு சின்ன ரவுட்டரை வைத்துவிட்டால் தளம், சுவர், இரும்புக் கம்பி எதுவும் குறுக்கே வராது. இவ்வளவுதான் வழி. இந்த வேலைக்கு கேட்5ஈ வகை வயரே 100 மீட்டர் வரை 1000 எம்பி சுமக்கும். நான் அதற்கு அடுத்த தரமான கேட்6 வாங்கினேன்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு கிட்டத்தில்தான். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த 2021-க்குப் பிறகு இந்தப் பயணம் நம் பக்கத்து ஆட்களுக்கு மிகச் சுலபமாகிவிட்டது. அங்கே கேட்கும்போது "சுத்தச் செம்பு" என்று சொல்லிக் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரும் அதே நிறத்தில், அதே பெயரில் விற்கிறது. விலை கேட்டால் கை அதற்குத்தான் போகும். ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மடித்தால் சீக்கிரம் உடையும், வயர் முனையில் அடிக்கும் பிளாஸ்டிக் தலைப்பிலும் பிடிப்பு நிற்காது. வெயிலில் மொட்டை மாடி வழியாகப் போகும் துண்டுக்கு, வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்புத் தோல் வயர்தான் வேண்டும். உள்ளே போடும் சாம்பல் வயர் நம் வெயிலில் இரண்டு கோடையில் பொடியாகும்.

தளத்தைத் துளைக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். துளைத்த இடத்தில் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். அதை அடைக்க வயரைவிட அதிகம் செலவாகும். படிக்கட்டு ஏற்கெனவே வீட்டின் நடுவில் விட்ட பெரிய ஓட்டை. அதன் ஓரமாகவே கேசிங் பட்டி அடித்து வயரைக் கொண்டுபோனார் எலக்ட்ரீஷியன் அண்ணா. ஈபி வயர் போகும் பைப்புக்குள் சேர்த்து இழுக்கப் பார்த்தார். அது கூடாது: ஆபத்து, இரைச்சலும் ஏறும். ஒரு ஜாண் தள்ளித் தனிப் பட்டி, குறுக்கே வெட்டிப்போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக வெட்டச் சொன்னோம்.

இன்னொரு கவனம். வயருக்குள் எட்டுக் கம்பி. கேமரா மாட்டும் வேலையில் பழகிய சிலர் நான்கை மட்டும் தலைப்பில் அடித்துவிட்டு "வேலை செய்யுது சார்" என்பார்கள். வேலை செய்யும், ஆனால் 100 எம்பிக்கு மேல் ஒருநாளும் போகாது. நாளைக்கு பிளானை உயர்த்தும்போதுதான் தெரியும். எட்டையும் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். மோடத்தின் போர்ட்டும், மேலே வைக்கும் ரவுட்டரின் போர்ட்டும் 1000 எம்பி தாங்கும் கிகாபிட் வகைதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மேலே வைக்க, முந்தைய இணைப்பின் பழைய ரவுட்டர் ஒன்று அக்கா வீட்டு லாஃப்ட்டில் இருந்தது. பல வீட்டில் இருக்கும். அது 2.4 மட்டும் பரப்பும் வகை என்பதால் அதை விட்டுவிட்டு, இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸும் பரப்பும் சாதாரண ரவுட்டர் ஒன்று வாங்கினோம். செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று, வயரில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஒரு நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாத ரவுட்டரில் மூன்று வேலை: அதன் ஐபி முகவரி எண்ணை மோடத்தின் எண்ணோடு மோதாமல் மாற்றுவது (மோடம் 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்கலாம், அந்த எண்ணை மோடம் வேறு சாதனத்துக்குக் கொடுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்), சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி (DHCP) என்பதை அணைப்பது, கீழிருந்து வரும் வயரை வெளி இணைப்புக்கான வான் (WAN) ஓட்டையில் இல்லாமல் லான் ஓட்டையில் சொருகுவது. முகவரி கொடுக்கும் வேலையை இரண்டு பேர் செய்தால் வீட்டில் யாருக்கும் நெட் ஒழுங்காக வராது. அதைத்தான் இந்த மாற்றங்கள் தடுக்கின்றன.

மாடி ரூமில் 93. கீழே மோடம் பக்கத்தில் வந்த வேகமேதான், ஒன்றுதான் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கும் 93. அக்கா பொண்ணு மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம நெட்டா?" என்றாள்.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்த அந்தச் சுவரும் தளமும், ரூமுக்குள் வயர் வந்த பிறகு நமக்குக் காவலாக மாறிவிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்ட முடியாமல் திணறும். அதனால் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸ் நம் ரூமுக்குள் வருவதில்லை, நம்முடையது அவர்களுக்குப் போவதில்லை. 23 பெயர் தெரிந்த வீட்டில், மாடி ரூமில் 5 கிகாஹெர்ட்ஸில் தெரிந்தது மொத்தம் மூன்று. இடமும் அங்கே தாராளம்: 2018 அக்டோபரில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டதையும் சேர்த்து இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. 83.5 எங்கே, 605 எங்கே. சுவரை உடைக்கிற சக்தி தேடாமல், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ரவுட்டர் வைப்பது நெருக்கமான தெருக்களுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வயர் வழியிலும் குறை இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், போன் கீழேயுள்ள மோடத்தையே பிடித்துக்கொண்டு மேலே வந்தும் விடாது; எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். அவள் உட்காரும் இடம் ஒரே ரூம் என்பதால் மேலுள்ளதற்குத் தனிப் பெயர் வைத்தோம். நடந்துகொண்டே போன் பேசும் வேலை உள்ளவர் என்றால், வயரில் இணைக்கிற மெஷ் செட்தான் சிறந்தது. இரண்டின் நல்லதும் அதில் உண்டு. வயரை முதலில் இழுத்துவிட்டால், காசு சேரும்போது மெஷ்ஷைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மெஷ்ஷை முதலில் வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் கடைசியில் வயரும் இழுத்தார்கள்.

செலவு: வயர், பட்டி, தலைப்பு சேர்த்து 1,150 ரூபாய். எலக்ட்ரீஷியன் அண்ணாவுக்கு 600. ரவுட்டர் 1,900. நண்பனின் எட்டு ஆன்டெனா ரவுட்டர் இதைவிட அதிகம்.

கரண்ட் போனால்

தெருக் கம்பத்திலும் மொட்டை மாடியிலும் தொங்கும் ஃபைபர் பெட்டிக்குள் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டுதான் இருக்கிறது. அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆகவே தெருவே இருண்டாலும், அந்தப் பக்கம் ஆபரேட்டரிடம் மின்சாரம் இருந்து, இந்தப் பக்கம் நம் மோடமும் எரிந்தால் நெட் வரும். மோடம் தின்பது சொற்பம், பெரும்பாலும் 10 வாட்டுக்கும் கீழே. சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று போதும். அக்கா வீட்டில் மெயினை அணைத்து வைத்துப் பார்த்ததில் மூன்றே கால் மணி நேரம் தாங்கியது. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: சில ரவுட்டர்கள் 9 வோல்ட். அதற்கு 12 கொடுத்தால் போய்விடும்.

மாடி ரூமின் விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் மேலுள்ள ரவுட்டரை அதில் சேர்த்துவிட்டோம். ஒரு யுபிஎஸ்ஸோடு முடிந்தது.

மற்றவை, சுருக்கமாக

பிரிட்ஜ் மோட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மோடத்தை வெறும் ஒளி மாற்றியாக ஆக்கி, ரவுட்டர் வேலை முழுவதையும் நம் சொந்த ரவுட்டருக்குக் கொடுப்பது அது. கம்பெனி சம்மதித்து யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் என்ற இணைப்பு எண் எல்லாம் தர வேண்டும். பிறகு எது கெட்டாலும் "உங்க ரவுட்டர்ல பாருங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஆபீஸ் வேலைக்கான தேவை குறிப்பாக இருந்தால் மட்டும் போங்கள்.

ஃபைபரே வராத தெரு என்றால், மொபைல் டவரிலிருந்து நெட்டை வாங்கித் தரும், மொட்டை மாடியில் மாட்டும் 5ஜி பெட்டி ஒரு வழி. 2023 செப்டம்பரில் இந்த வகையான ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. லாரி அறுக்க அதில் ஃபைபர் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் டவர் நெரிசலுக்கு ஏற்ப வேகம் ஏறி இறங்கும். இரண்டும் கிடைக்கும் இடத்தில் நான் ஃபைபர்தான் எடுப்பேன். எந்த பிளானானாலும் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 499 என்பது கையில் 589 ஆக வரும்.

வாரியக் குடியிருப்பு, ஒண்டுக்குடித்தனம், ஒற்றை ரூம் வாடகை வீடுகளில் கம்பெனி மோடமே தாராளமாகப் போதும். செட்டிங்கில் 2.4-ஐ 1, 6, 11-ல் கூட்டம் குறைந்ததற்கு மாற்றி, போனையும் டிவியையும் 5-ல் சேர்த்துவிடுங்கள். உள் ரூமுக்கு வேண்டுமென்றால், தட்டையான லான் வயர் கிடைக்கிறது. கதவிடுக்கில், தரையோரமாக ஆணியில்லாமல் ஓட்டலாம். காலி செய்யும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் எதையும் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் வயர்த் தலைப்பின் உலோகப் பின்னில் பச்சை பிடித்து, காரணமே தெரியாமல் நெட் விட்டுவிட்டு வரும்.

பக்கத்துப் போர்ஷனோடு ஒரே இணைப்பைப் பகிர்கிறவர்கள் நிறையப் பேர். பகிரும்போது 'கெஸ்ட்' பெயரில் தனியாகக் கொடுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, ஏதாவது நடந்தால் முதலில் விசாரிப்பது அவரைத்தான். மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் அட்மின் பாஸ்வேர்டையும் மாட்டின அன்றே மாற்றிவிடுங்கள். பல வீட்டில் அது வாசலைப் பார்த்த மாதிரி ஒட்டியிருக்கிறது.

அக்கா வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஃபைபர் இறங்கும் இடம் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதற்கு ஒரு பைப் போட வேண்டும். பைப் வாங்கி வைத்துவிட்டோம். லைன்மேன் தம்பி வரும் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.